சர்மிளாவின் மூச்சுக்கு நிற்காத கீபோர்ட்

2024 செப்டம்பர் எட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பிலிமத்தலாவையில் நடந்த ஒரு திருமண வரவேற்பில், இசைக்குழுத் தலைவர் ராஜலிங்கம், தம் குழுவின் கீபோர்ட் கலைஞரான சுதர்சினியை ஒதுக்கிவிட்டு, அவளுடைய வாசிப்பை மட்டும் மேடையேற்றினார். குற்றச்சாட்டு இதுதான். நிகழ்ச்சி எதுவும் இல்லை என்று அவளிடம் பொய் சொன்னது அதன் முதற்பகுதி. அவள் விரல்களின் ஓசைக்கு இன்னொருவரை முகமாக நிறுத்தியது இரண்டாம் பகுதி.

குற்றச்சாட்டை இப்படி எழுதச் சுதர்சினிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்டியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் அவளுக்கு வேலை. காணித் தகராறு, ஜீவனாம்சம், தொலைந்துபோன அடையாள அட்டை என்று ஊராரின் குறைகளையெல்லாம் திகதியும் இடமும் பிசகாமல் தட்டச்சு செய்து கொடுப்பாள். சொந்தக் குறையைத் தட்டச்சு செய்ய நேர்ந்தது இதுவே முதல் தடவை.

கீபோர்ட்டையும் அவள் தானாகவே கற்றாள். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளிக்கு யாரோ கொடுத்த சிறிய கீபோர்ட் ஒன்று, தொடத் துணிவாரின்றி அலுமாரியின்மேல் கிடந்தது. அதை இரவல் வாங்கி, வானொலியில் கேட்ட பாட்டுகளை வலக்கையால் தேடிப் பிடித்தாள். இடக்கை வசப்பட வருடக்கணக்காயிற்று. பழகிய ஒவ்வொரு பாட்டின் சுருதியையும் தாளத்தையும் தாளில் எழுதிக் கோப்பில் சேர்த்தாள். "கோப்பும் கையுமா வந்த ஒரே ஆர்டிஸ்ட் நீங்கதான் தங்கச்சி," என்று சிரித்துத்தான் ராஜலிங்கம் அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் எந்தக் கோப்பிலும் எழுதிவைக்க முடியாத ஒன்றும் அவளிடம் இருந்தது. குழுவின் பாடகி சர்மிளாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. பாட்டின் நடுவே எங்கே மூச்சு முட்டும் என்று அவளுக்கே தெரியாது. சுதர்சினி அவளுடைய தோளைப் பார்த்துக்கொண்டே வாசிப்பாள். தோள் ஏறினால் இடையிசையை இன்னொரு சுற்று சுற்றுவாள். தோள் இறங்கிய பிறகே அடுத்த வரிக்கு வழிவிடுவாள். சபையில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

"நீ இருக்கிற தைரியத்துலதான் நான் மைக்கப் புடிக்கிறேன் புள்ள," என்று சர்மிளா பலமுறை சொல்லியிருக்கிறாள்.

பழைய கீபோர்ட் பழுதாகிப் புதியது வாங்க வேண்டி வந்தபோது, தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ராஜலிங்கம் அவளிடமே விட்டார். அவளுக்குப் பட்டம் கொடுத்ததுபோல் இருந்தது. சனிக்கிழமை தவறாமல் கண்டியில் பஹ்மி நானாவின் வாத்தியக் கடைக்குப் போய் நின்றாள். புல்லாங்குழல் ஒலியிலிருந்து வயலினுக்கு மாற்றும்போது, அழுத்திப் பிடித்திருக்கும் சுரம் அறுந்துபோகிறதா என்று பார்த்தாள். தோட்டத்துத் திருவிழா மேடைகளில் ஜெனரேட்டர் நின்று நின்று வரும். ஆகவே, வாசிக்கும்போதே மின்சாரத்தை நிறுத்திப் போட்டு, கீபோர்ட் எவ்வளவு சீக்கிரம் கண் விழிக்கிறது என்று கவனித்தாள். தோட்டத்து லயன் வீடுகளின் படிகளில் தூக்கிப்போகக்கூடிய பாரந்தானா என்று, உறையோடு தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்தாள்.

"பொண்ணு பாக்க வாறவங்களும் இவ்வளவு பாக்க மாட்டாங்க தங்கச்சி," என்றார் பஹ்மி.

"கட்டிக்கிட்டு மாரடிக்கப் போறது நான்தானே நானா."

ராஜலிங்கம் தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "பதிஞ்சு வச்சா அதுவா வாசிக்குமா? அத மட்டும் நல்லாப் பாத்துக்குங்க."

தன் பஸ் பிந்திவிட்டால் சமாளிப்பதற்காகக் கேட்கிறார் என்று நினைத்தாள். அவள் விரலுக்கு மிகவும் இசைந்த கீபோர்ட்டில் அந்த வசதி இல்லை. அதை மனமில்லாமல் கைவிட்டு, பதிவு வசதியுள்ள இன்னொன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

"இது ஆளில்லாட்டியும் வாசிக்கும். இனி உங்களுக்கு டீ குடிக்க நேரம் இரிக்கி," என்றார் பஹ்மி. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கீபோர்ட் ராஜலிங்கத்தின் வீட்டில் இருந்தது. ஒத்திகைக்குப் போன ஒரு நாள் சர்மிளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லாத நாள்லயும் பாடிப் பழகணும் புள்ள. எல்லாப் பாட்டையும் இதுல பதிஞ்சு தாயேன்."

பதிந்து கொடுத்தாள். சர்மிளா திணறக்கூடும் என்று ஊகித்த இடங்களில் மறக்காமல் ஒரு சுற்றுக் கூடுதலாக வைத்தாள்.

அதன் பிறகு அழைப்பு வரவில்லை. கேட்டபோது, "இந்த மாசம் ஒண்ணும் அமையல, வீட்ல ரெஸ்ட் எடுங்க," என்றார் ராஜலிங்கம். அந்த வாரமே ஒரு மணப்பெண்ணின் தகப்பனார் நிழற்பிரதி எடுக்கக் கடைக்கு வந்தார். அவளைத் திருவிழா மேடையில் பார்த்திருக்கிறாராம். "ஞாயித்துக்கிழம எங்க வீட்டு விசேசத்துக்கு நீங்கதானே வாசிக்கிறீங்க?" என்று கேட்டார். எந்த மண்டபம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

ஞாயிறன்று மண்டபத்தின் கடைசி வரிசையில், ஒரு கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். மேடையில், அவள் தேர்ந்தெடுத்த கீபோர்ட்டின் முன்னால் ராஜலிங்கத்தின் தம்பி நிரஞ்சன், மினுங்கும் கோட்டோடு ஆடிக்கொண்டிருந்தான். கையை உயர்த்தி விருந்தினருக்கு அசைத்தபோதும் இசை நிற்கவில்லை. அது அவளுடைய வாசிப்பு. ஒரு கணம், நன்றாக வாசித்திருக்கிறோமா என்றுகூடக் காது கொடுத்தாள்.

மணமக்கள் நுழையும்போது புகை இயந்திரத்தை ஓடவிட்டார்கள். வெண்புகை மேடையை மூடியது. சர்மிளாவின் தோள் ஏறியது. சுதர்சினியின் விரல்கள் கதிரையின்மேல் தாமாகவே விரிந்து, இன்னொரு சுற்றுக்குத் தயாராயின. கீபோர்ட் நிற்கவில்லை. தாளம் பிசகாமல் அடுத்த வரிக்குப் போயிற்று. சர்மிளா வாயைத் திறந்தாள், குரல் எழவில்லை. நிரஞ்சனின் கண் வீடியோக் கமராவில் இருந்தது. பாடுவாரில்லாமல் ஒரு வரி முழுவதும் கடந்துபோயிற்று. சற்றுப் பின்னர், எவருக்கும் தேவைப்படாத ஓர் இடத்தில் கீபோர்ட் பதிந்தபடி பொறுமையாக ஒரு சுற்றுக் காத்திருந்தது. அப்போதுதான் சர்மிளா அவளைக் கண்டாள். கண்டு, தலையைக் குனிந்துகொண்டாள். பழகுவதற்காகக் கேட்ட பதிவு எதற்கு என்பது அந்தக் குனிவில் விளங்கிவிட்டது.

ராஜலிங்கம் வாசல்வரை ஓடிவந்தார். "வீடியோவுக்கு நிரஞ்சன் நின்னா எடுப்பா இருக்கு தங்கச்சி. நீங்க குனிஞ்ச தல நிமிர மாட்டீங்க. கேக்குறது உங்க வாசிப்புதானே, அதுல என்ன கொறஞ்சு போச்சு?"

அவள் பஸ் ஏறினாள்.

மறுநாள் கடையில் இருந்தபோது அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. "தங்கச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. புசல்லாவத் திருவிழா வருது. நேத்து சர்மிளா தடுமாறுன எடத்துல மட்டும் இன்னொரு சுத்துச் சேத்துப் பதிஞ்சு குடுத்துடுங்க."

அதைச் சொல்லுக்குச் சொல் தாளில் எழுதி, கோப்பில் போட்டாள். பிறகு ராஜலிங்கத்தின் பெயருக்கே குற்றச்சாட்டைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். அடியில், பிரதி பெறுபவர் என்ற இடத்தில் சர்மிளாவின் பெயரை அடித்து, அழித்து, மறுபடியும் அடித்தாள். கடைசிப் பந்தி இவ்வாறு அமைந்தது:

"எட்டாம் திகதி அந்த மேடையில் கீபோர்ட் வாசித்தவர் யார்? நிரஞ்சன் எனில், தவறிய இடத்தை அவரே திருத்தி வாசித்துக்கொள்ளட்டும். சுதர்சினி எனில், அவள் உட்கார வேண்டிய கதிரையில் அவள் ஏன் இல்லை? எங்கே காத்திருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பதிந்து தர என்னால் இயலாது; பாடுபவரைப் பார்த்தால்தான் தெரியும். புசல்லாவைத் திருவிழாவுக்கு முன்னர் இதற்குப் பதில் தர வேண்டும். குரல் செய்தியை ஏற்கமாட்டேன். தாளில் எழுதி, திகதியிட்டு, ஒப்பமிட்டு அனுப்பவும்."