சுவர் நிறத்தில் ஒரு திரை

ஏணியம்மா என்றால்தான் அந்தத் தெருக்களில் தெரியும். ஆள் குள்ளம், போகிற வீட்டுக்கெல்லாம் தன்னைவிட உயரமான மடக்கு ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு போவார். திரைச்சீலை தைத்து மாட்டுவது தொழில். யாராவது பத்திரிகையில் வந்த படத்தை நீட்டினால் பொறுக்காது. "படத்துல இருக்கிற ரூம்ல யாரும் குடியிருக்கிறதில்லம்மா. உங்க ரூமைப் பார்த்து மாட்டுவோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கூரை தாழ்வா, கம்பியை மேலே ஏற்று. அறை சின்னதா, பூப்போட்ட துணி வேண்டாம். அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். சொந்த வீட்டு ஜன்னலில் மட்டும் ஒரு பழைய போர்வை தொங்கும். "என் வீட்டை எட்டிப் பார்த்து யார் என்ன கண்டாங்க?" என்பார்.

ஒரு நாள் அவரைக் கூப்பிட்டவள் புது சோபா வாங்கியிருந்தாள். திரை ஜன்னலுக்கு இல்லை, ஹாலின் மூலைக்கு. அங்கே ஒரு கட்டில், கட்டிலில் அவளுடைய மாமனார்.

"ஹால் அழகே கெட்டுப்போகுதுங்க. இந்த மூலையை மறைச்சிடணும்" என்றாள். பெரியவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஏணியம்மாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் பூப்போட்ட துணியை எடுத்துக் காட்டியதும் தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"இதைப் போட்டா, பின்னால என்னவோ இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். சுவர் நிறத்துலயே எடுங்க. மடிப்பு கம்மியா, கூரையிலிருந்து தரை வரைக்கும். திரைன்னே தோணாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வாய் விட்டதை எப்படி அள்ளுவது?

அடுத்த வாரம் தைத்துக்கொண்டு வந்து மாட்டத் தொடங்கினார். "நல்ல துணிம்மா. என் பக்கமும் அழகாத்தான் இருக்கு" என்றார் பெரியவர். அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்க, அவரே ஆறுதல் சொல்கிறாரே என்று நினைத்தபடி ஏணியம்மா அடுத்த கொக்கியை எடுத்தார்.

கடைசிக் கொக்கி பாக்கி இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "அடேயப்பா, ஹால் எவ்வளவு லட்சணமா ஆயிடுச்சு! ஆமா, மாமா எங்கே?"

"பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கார்க்கா" என்றாள் மருமகள், கூசாமல்.

ஏணிமேல் நின்ற ஏணியம்மா காதைத் தீட்டிக்கொண்டார். இப்போது பெரியவர் இருமுவார், செருமுவார், கட்டிலாவது கிறீச்சிடும் என்று காத்திருந்தார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. மனசு கேட்கவில்லை. இந்த வீட்டு வேலை போனால் போகட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"ஐயா, உங்க பக்கம் துணி தரையைத் தொடுதா பாருங்க!"

மருமகளின் முகம் வெளுத்தது.

"யாரைங்க கூப்பிடுறீங்க?" என்று சிரித்தாள் வந்தவள்.

கொக்கி மாட்டாத இடுக்கு வழியே ஏணியம்மா உள்ளே பார்த்தார். பெரியவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டு, அவரைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஏணியம்மா கடைசிக் கொக்கியையும் மாட்டினார்.