கரஸ்லதான்

காலேஜுக்குப் போய்ப் படித்தால் ரெகுலர், அஞ்சல் வழியில் படித்தால் கரஸ். என் பி.ஏ. கரஸ். ஒரகடம் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், யூனிபாரத்தோடேயே தாம்பரத்துக்கு ஓடி, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தூங்கி வழிந்து வாங்கிய டிகிரி. ஒரு அரியர்கூட வைக்கவில்லை. ஆனாலும் என்ன படித்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால், "பி.ஏ." என்று சொன்ன வாய் உடனே, "கரஸ்லதான்" என்றும் சொல்லிவிடும். குரல் தானாக இறங்கிவிடும், என்னவோ திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி. ரெகுலரா கரஸா என்று எவன் கேட்டான்? ஒருத்தனும் கேட்டதில்லை.

போன மாதம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். "நீங்க என்னம்மா படிச்சிருக்கீங்க?" என்று டீச்சர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், நாலாவது படிக்கிற என் மகள் முந்திக்கொண்டு, "எங்கம்மா பி.ஏ. மிஸ்!" என்றாள். சொன்ன வேகத்தில் தலையைக் குனிந்து, என்னைப் போலவே குரலை இறக்கி, "கரஸ்லதான்" என்றாள்.

டீச்சர் அதைக் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று புரியவில்லை. இந்தப் பாடத்தை மட்டும் நான் அவளுக்குக் கரஸில் நடத்தவில்லை. வீட்டிலேயே, நாள் தவறாமல், ரெகுலர்லதான் நடத்தியிருக்கிறேன்.