நீல மையில் எழுதிய இரண்டு சீட்டுகள்

என் கையெழுத்து அழகானது என்று நான் நம்பியதால், இரண்டு பெண்களின் கன்னத்தை இரண்டாவது முறை வெட்ட வேண்டியதாயிற்று. இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது. லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "சார், பேனா இருக்கும்போது எதுக்கு சார் பென்சில்ல எழுதச் சொல்றீங்க?" என்று கேட்பார்கள். "ரூல்ஸ் அப்படி" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். அந்த ரூலை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

மலாயாக் காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டை போட்ட அவசரகால வருஷங்கள். மலாக்கா டவுனில் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், தப்பு அதனுடையது இல்லை.

முதல் தனி நாள்

லேபில் நாங்கள் மூன்று பேர். ஸ்லைடைப் பார்த்து இன்ன வியாதி என்று எழுதும் வெள்ளைக்கார டாக்டர். அந்த ஸ்லைடைத் தயாரிக்கும் சீனியர் அசிஸ்டன்ட் சிமியோன் அண்ணன். அவருக்குக் கையாளாக நான். மூன்றாவது ஆளுக்கு வேலை குறைவு, அபிப்பிராயம் அதிகம். எங்கள் வாலிபர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையை மாதாமாதம் நகல் எடுத்தவன் நான்தான். கட்டுரை எழுதியவர்களைவிட நகல் எடுத்தவனுக்கே புகழ் அதிகம் என்பது என் கணிப்பு. சிமியோன் அண்ணன் என்னைப் "புலவரே" என்றுதான் கூப்பிடுவார். அது கிண்டல் என்று புரிய ஒரு வருஷம் ஆனது.

வேலை இதுதான். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துண்டு ஃபார்மலின் பாட்டிலில் வரும். அழுகாமல் இறுகுவதற்கு ஃபார்மலின். பிறகு அதைச் சின்னத் துணிப்பையில் முடிந்து, ஸ்பிரிட்டில் போட்டு ஈரத்தை எடுக்க வேண்டும். அப்புறம் ஸ்பிரிட்டை எடுக்க சைலால் என்கிற திரவம். அப்புறம் மின்சார அடுப்பில் உருக்கிய பாரஃபின் மெழுகு. மெழுகு சதைக்குள் இறங்கி உறைந்ததும், மைக்ரோடோம் என்கிற சீவும் மிஷினில் வைத்து வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றினால், செல்லின் நடுக்கரு நீலமாகவும் மற்றது ரோஸாகவும் தெரியும். துண்டு வந்ததிலிருந்து டாக்டர் கண்ணுக்குப் போகும்வரை மூன்று நான்கு நாள். அத்தனை நாளும் அது யாருடைய சதை என்று சொல்வது துணிப்பைக்குள் கூடவே கிடக்கும் ஒரு காகிதச் சீட்டு மட்டும்தான்.

சிமியோன் அண்ணன் மகளுடைய ஞானஸ்நானத்துக்கு லீவு போட்டிருந்த அன்று, இரண்டு பாட்டில்கள் வந்தன. இரண்டுமே கன்னத்தின் உள்பக்கப் புண். ஒன்று டவுனை ஒட்டிய பாச்சாங்கில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் சம்சாரம். இன்னொன்று அலோர் காஜாவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுக்கும் மாரியாயி. துண்டுகள் இரண்டும் உளுந்தம்பருப்பு அளவு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை மாதிரி இருந்தன.

லேபில் சீட்டு எழுத ஒரு பென்சில் கட்டை உண்டு. தச்சர் காதில் செருகியிருப்பது மாதிரி இருக்கும். முதன்முதலாகத் தனியாக வேலை பார்க்கிறேன். அதை எடுக்க மனசு வரவில்லை. சட்டைப்பையிலிருந்து என் பேனாவை எடுத்து, நீல மையில், பத்திரிகைத் தலைப்பு எழுதுகிற அக்கறையோடு இரண்டு பெயர்களையும் எழுதினேன். மை காய ஊதினேன். பைகளில் போட்டு முடிந்து, இரண்டையும் ஒரே ஸ்பிரிட் ஜாடியில் இறக்கினேன்.

மறுநாள் காலையில் ஜாடி லேசான நீல நிறத்தில் இருந்தது. பைகளைப் பிரித்தேன். சீட்டுகள் இரண்டும் கடையில் வாங்கியது மாதிரி வெள்ளையாக இருந்தன.

நாலு நாள்

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சதையே தன் சொந்தக்காரரைக் காட்டிக் கொடுக்கும் என்று ஒரு நப்பாசை. தோட்டத்துப் பெண்ணின் கன்னத்துக்கும் கடைக்காரர் சம்சாரத்தின் கன்னத்துக்கும் ஏதாவது வித்தியாசம் இல்லாமலா போகும்? மெழுகில் வைத்துச் சீவிச் சாயம் ஏற்றினேன். நாலு நாள் வாயைத் திறக்காமல் அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்தது அதுதான் முதல் தடவை.

மைக்ராஸ்கோப்பில் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் நான் தேடிய வித்தியாசம் அது இல்லை. ஒரு ஸ்லைடில் வெறும் புண், கொஞ்சம் வீக்கம், அவ்வளவுதான். இன்னொன்றில் செல்கள் வரிசை கலைந்து, ஆழத்தில் இறங்கி, நடுநடுவே ரோஸ் நிறத்தில் வட்டத்துக்குள் வட்டமாகச் சுருண்டு கிடந்தன. அந்த வட்டங்களுக்கு எங்கள் தொழிலில் முத்து என்று பெயர். கன்னத்தில் முத்து இருந்தால் புற்று. பார்ப்பதற்கு அது அழகாக இருக்கும் என்பதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு பெண்களில் ஒருத்திக்குப் புற்று. எந்த ஒருத்தி என்று எனக்குத் தெரியாது.

சிமியோன் அண்ணனிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"புலவரே, நல்ல எழுத்துலா. ஸ்பிரிட்டு ஒரு எழுத்துகூட மிச்சம் வைக்காம குடிச்சிருக்கு பாரு."

"மன்னிச்சிடுங்கண்ணே."

"என்கிட்ட ஏன் கேக்குற? எனக்கா வாயில புண்ணு? நட, டாக்டர்கிட்ட."

டாக்டர் என்னை வேலையை விட்டு நீக்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு ஸ்லைடையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு பேரையும் திரும்ப வரச் சொல்லி எழுதினார்.

பாச்சாங் அம்மாள் அந்த வாரமே மூன்று சக்கர டிரைஷாவில் வந்து இறங்கி, இன்னொரு துண்டு கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு வெறும் புண். அப்படியானால் மிச்சம் யார் என்று லேபில் மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் டாக்டர் அசையவில்லை. கழித்தல் கணக்கை நம்பி ஒரு பெண்ணைச் சிகிச்சைக்கு அனுப்ப முடியாது, அவள் பேரில் ஒரு ஸ்லைடு வேண்டும் என்றார். அது சரிதான். அந்தப் பேரை அழியவிட்டது நான்தான் என்பதும் சரிதான்.

மாரியாயி வரவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் மூலம் மூன்று முறை கடிதம் போனது. மூன்று முறையும், "ஒருக்கா வெட்டுனது போதும்" என்று சொல்லிவிட்டாளாம். முதல் துண்டை எடுத்து ஏழு வாரம் ஆகிவிட்டது. எட்டாவது ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பினேன். சிமியோன் அண்ணன் என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி மேஜையில் வைத்துக்கொண்டு, "இப்ப போ" என்றார்.

முள்கம்பிக்கு உள்ளே

அலோர் காஜாவரை பஸ். அங்கிருந்து தோட்டத்து லோரி. காட்டுக்கு உதவி போகாமலிருக்க, அந்தத் தோட்டத்தின் லயங்களை, அதாவது தொழிலாளர் வீடுகளை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். கேட்டில் காவலுக்கு நின்ற மலாய் இளைஞன் என் பையைத் துழாவி ஃபார்மலின் பாட்டிலை எடுத்தான். அங்கேயே துண்டெடுக்க டிரஸ்ஸர் சம்மதித்தால் உதவும் என்று கொண்டுபோயிருந்தேன்.

"ஊபாட்?" என்றான். மருந்தா என்று கேட்கிறான். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு மருந்து கடத்துவது அப்போது பெரிய குற்றம்.

மருந்து இல்லை என்றேன். அவன் நம்பாமல் மூடியைத் திறந்து ஆழமாக மோந்து பார்த்தான். அடுத்த பத்து நிமிஷம் அவன் கண்ணைக் கழுவ நான்தான் தண்ணீர் ஊற்றினேன். பாட்டிலை உள்ளே விடவில்லை. என்னை மட்டும் விட்டான்.

மாரியாயிக்கு நாற்பது வயதிருக்கும். வாசலில் ரப்பர் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. புருஷன் கோவிந்தன் பால் ஸ்டோர் பக்கம் போயிருந்தார். டிரஸ்ஸர் என்னைக் காட்டி, "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கப் போய்விட்டார்.

"நீங்கதான் வெட்டுன டாக்டரா?"

"இல்லக்கா. வெட்டுனது டாக்டர். அதைச் சோதிக்கிறவன் நான்."

"சோதிச்சீங்களா?"

"சோதிச்சேன்."

"அப்புறம் என்னவாம்?"

பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்த பதில் ஒன்று இருந்தது. மிஷின் கோளாறு, அடுப்பில் சூடு அதிகமாகிவிட்டது என்று ஆரம்பித்தேன். வாளியில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எனக்கே அந்த மிஷின்மேல் பரிதாபம் வந்துவிட்டது. நிறுத்திவிட்டு உள்ளதைச் சொன்னேன். இரண்டு துண்டு, இரண்டு சீட்டு, நீல மை, ஸ்பிரிட், எல்லாம்.

நான் எதிர்பார்த்தது ஏச்சு. விளக்குமாறுகூட எதிர்பார்த்தேன்.

"அந்த இன்னொரு பொம்பளையும் மறுபடி வந்தாங்களா?"

"வந்தாங்கக்கா."

"அவங்களுக்கு எப்படி?"

"அவங்களுக்கு ஒன்னும் இல்ல. வெறும் புண்ணுதான்."

"ரெண்டு துண்டுல எதுலயும் கெட்டது இல்லேன்னா நீங்க ஞாயித்துக்கெழம லோரி ஏறி வந்திருக்க மாட்டீங்க."

என் கை சட்டைப்பையில் இல்லாத பேனாவைத் தேடியது.

"அப்ப கெட்டது என்னுது."

டாக்டர் இத்தனை வாரமாகப் போட மறுத்த கணக்கை, பள்ளிக்கூடம் போகாத பெண் வாளியில் உட்கார்ந்து ஒரு நிமிஷத்தில் போட்டுவிட்டாள். கையில் ஸ்லைடு இல்லை. தலை குனிந்துகொண்டேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இடுப்பிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்தாள். பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தாள்.

"விடியக்காலைல கேட்டைத் தாண்டிப் போறப்ப ஒரு பருக்கை சோறு கொண்டுபோக விடமாட்டான். காட்டுல இருக்கிறவனுக்குக் குடுத்துருவோமாம். வெத்தல பொயலைய மட்டும் விடுவான். மத்தியானம் வரைக்கும் அதுதான் பசியாற. முன்னெல்லாம் ஒருநாளைக்கு நாலு வாய் போடுவேன். இந்த வேலி வந்ததுக்கு அப்புறம் கணக்கே இல்ல." வீங்காத கன்னத்தில் சிரித்தாள். "சோத்தைத் தடுத்தவன் இதையும் தடுத்திருக்கலாம்."

"வந்துருங்கக்கா. இந்தத் தடவை தப்பு நடக்காது."

"வர்றேன். ஆனா எங்க வீட்டுக்காரர்கிட்ட இந்தச் சீட்டுக் கதையெல்லாம் சொல்லாதீங்க. அவரு கோவக்காரரு. அதுக்கப்புறம் என்னை ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்க விடமாட்டாரு."

எனக்கு அப்போது ஒரு நிம்மதி வந்தது. அவளுக்காக வந்த நிம்மதி என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கோவிந்தனை நேரில் பார்க்காமல் தப்பித்த நிம்மதியும் அதில் பாதி இருந்தது.

சொன்னபடியே அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தாள். துண்டு வந்ததும் சீட்டைப் பென்சிலில் எழுதினேன். மூன்று தடவை வாசித்தேன். சிமியோன் அண்ணன் நாலாவது தடவை வாசித்தார். ஸ்பிரிட், சைலால், மெழுகு எல்லாவற்றையும் தாண்டி அவள் பெயர் கரிக்கோடாக அப்படியே இருந்தது. ஸ்லைடைப் பார்த்தேன். முத்துக்கள் இருந்தன, முன்பு பார்த்ததைவிட ஆழமாக. வேறு எங்காவது ஒரு தப்பு நடந்திருக்கக்கூடாதா என்று அந்த ஒரு நாள் மட்டும் ஆசைப்பட்டேன்.

சிகிச்சைக்குச் சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். போய் வந்தாள். சில மாதத்தில் கழுத்தில் கட்டி வந்தது. வருஷம் திரும்புவதற்குள் போய்விட்டாள். அந்த ஏழு வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். தெரியாது என்றார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் உள்ள பாடம் இரண்டு வரி. சீட்டை எதில் எழுத வேண்டும் என்பதை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். தப்பு நடந்த அன்றே வாயைத் திறப்பதைக் கற்றுக்கொள்ளத்தான் நாளாகும். என்னுடைய நாலு நாளையும் அந்தப் பெண்ணின் கணக்கில்தான் கழித்தேன்.

கோவிந்தனைப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். காலில் கத்தி பட்ட புண்ணுக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. வலியக் கூட்டிப்போய் எதிர்த்த கோப்பிக் கடையில் உட்கார வைத்து, நான் யார், என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும், வரட்டும், கையை ஓங்கினாலும் ஓங்கட்டும் என்று தயாராகத்தான் இருந்தேன்.

கோவிந்தன் சாஸரில் ஊற்றிய கோப்பியை ஊதிக் குடித்து முடித்தார்.

"அப்படியா? மொதத் துண்டக் கெடுத்தது அவருன்னு நாங்க அந்த டிரஸ்ஸரைத்தான்லா இவ்வளவு நாளா ஏசிக்கிட்டு இருந்தோம். தாங்க முடியாம அவரும் ஜாசின் பக்கம் மாத்திக்கிட்டுப் போயிட்டாரு." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "விடுங்க தம்பி. உங்களை அங்க யாருக்கும் தெரியாது. நான் போய்ச் சொன்னாலும் நம்பமாட்டாங்க."