ஆட்டத்தாளில் நிபியாவின் கையெழுத்து

போன வருடம் பாசோ ஓந்தோ பேட்டையில் நிபியா குர்பேலோவைத் திட்டாத வீடு கிடையாது. எங்கள் வீடும் திட்டியது. ரொட்டிக் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் திட்டுவார், பின்னால் நிற்பவர் ஆமாம் போடுவார். நிபியாவும் அதே வரிசையில்தான் நிற்பார். "சீக்கிரம் திட்டி முடிங்கப்பா, எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு" என்பார்.

அந்த ஆபீஸ் எங்கள் கால்பந்து மன்றத்தின் அலுவலகம். மைதானத்தின் கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில், ஜன்னல் சரியாக மூடாத ஒரே அறை. இருபத்து நான்கு வருடமாக நிபியாவின் வேலை அங்கேதான். உறுப்பினர் அட்டை கொடுப்பார், வீரர்களை நாட்டின் கால்பந்துச் சங்கத்தில் பதிவு செய்வார். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆட்டத்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் யார் யார் ஆடுகிறார்கள் என்று அதில் எழுதி, மன்றத்தின் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு நடுவரிடம் கொடுக்க வேண்டும்.

அந்தத் தாளில்தான் அவர் தவறு செய்தார். போன வருடம் ஓர் ஆட்டம் அறுபத்தெட்டாவது நிமிடத்தில் மழையால் நின்றது. மீதி இருபத்திரண்டு நிமிடத்தை மூன்று வாரம் கழித்து ஆடச் சொன்னார்கள். எங்கள் நடுக்கள வீரன் மைகோலுக்கு மழை பெய்த அன்று ஓர் ஆட்டத் தடை இருந்தது. மூன்று வாரத்தில் அந்தத் தடை முடிந்துபோனது என்று நினைத்து நிபியா அவன் பெயரை எழுதிவிட்டார். ஆனால் பாதியில் நின்ற ஆட்டம் எத்தனை நாள் கழித்துத் தொடர்ந்தாலும் அது அதே ஆட்டம்தான், அன்று தடையில் இருந்தவன் அதன் கடைசி நிமிடம் வரை ஆடக் கூடாது. மைகோல் ஒன்பது நிமிடம் ஆடினான். பந்தை இரண்டு தடவை தொட்டிருப்பான். எதிரணி புகார் கொடுத்தது. டிராவில் கிடைத்த ஒரு புள்ளி போனது, அபராதமாக இன்னும் மூன்று போனது.

நான்கு புள்ளி அத்தோடு தொலைந்தால் பரவாயில்லை. இங்கே இரண்டு வருடத்துப் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி பார்த்துத்தான் ஓர் அணியைக் கீழே இறக்குவார்கள். நாங்கள் இரண்டாம் பிரிவில் இருந்தோம். அதற்குக் கீழே இறங்கினால் தொழில்முறை அணி என்ற பெயரே போய்விடும், பிறகு பேட்டைப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற ஆட்டம்தான். அதாவது நிபியாவின் ஒன்பது நிமிடம் இந்த வருடமும் எங்களைத் துரத்தும்.

டிசம்பரில் கூடைப்பந்துத் தளத்தில் உறுப்பினர் கூட்டம் நடந்தது. பழைய நிர்வாகத்தை மொத்தமாக வெளியே அனுப்பினோம். அனுப்பியது சரிதான். அதில் அணியின் மருத்துவராக இருந்தவர் தலைவருடைய மைத்துனர், படித்தது பல் வைத்தியம். புதிய தலைவராக மருந்துக்கடை பெல்த்ராமே வந்தார். அவர் வெளியிலிருந்து ஒரு மேலாளரைக் கொண்டுவந்தார். பெயர் ஃபெதெரிகோ அன்சொரேனா, முப்பத்து நான்கு வயது, சிரிப்பதற்குக் கூலி கேட்பவர் போல முகம். முதல் நாளே அலுவலகத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்.

"நீங்கதானா அந்த நிபியா?"

"இன்னொரு நிபியா இருந்திருந்தா நானே கை காட்டியிருப்பேன்."

"அந்தத் தாள் விஷயத்துல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. யாரு தப்பு?"

"என் தப்புதான். விதிமுறைப் புத்தகத்துல நாப்பத்தொண்ணாம் பக்கம். அப்ப படிக்கலை. இப்ப தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"நீங்க உறுப்பினர் அட்டையை மட்டும் பாருங்க. ஆட்டத்தாளை இனிமே நான் பார்த்துக்கறேன்."

நிபியா இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். வேலையை விட்டுவிடலாமே என்று அவருடைய தங்கை உள்படப் பலர் சொன்னார்கள். "நாலு புள்ளியைத் தொலைச்சுட்டு வீட்ல போய் உக்காந்தா சோறு இறங்குமா?" என்று மட்டும் சொன்னாராம்.

அன்சொரேனா பழைய வீரர்களில் பதினெட்டுப் பேரை அனுப்பிவிட்டார். புதிய ஆட்களைத் தேடி அவர் போகாத ஊர் இல்லை. சால்தோவிலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரனைக் கூட்டி வந்தார். வேறு எந்த அணியும் வேண்டாம் என்று சொன்ன முப்பத்தேழு வயது கோல்கீப்பரைப் பிடித்தார். தாக்குவாரெம்போவில் ஒரு கோல் அடிக்கும் பையனைக் கண்டுபிடித்தார், பெயர் யெய்சன் சில்வெய்ரா. அவன் ஆடிவந்த ஊர் மன்றத்தின் தலைவர் விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையோடு பதிவு முடிகிறது. அன்று புதன். அந்தத் தலைவர் பண்ணைகளில் கம்பிவேலி போடுகிறவர். போன் எடுக்காத இடத்தில் எங்கேயோ வேலை செய்துகொண்டிருந்தார்.

"விட்டுட வேண்டியதுதான்" என்றார் அன்சொரேனா.

"நான் போய் வாங்கிட்டு வரேன்" என்றார் நிபியா.

"எங்க இருக்காருன்னே தெரியாது."

"வேலி எங்க புதுசா இருக்கோ அங்க இருப்பாரு."

ஐந்தரை மணி நேரம் பஸ். பிறகு ஒரு மாட்டு வைத்தியரின் வண்டியில் பின்பக்கம். வியாழக்கிழமை மத்தியானம் அந்த மனிதரை ஒரு பண்ணையின் கடைக்கோடியில் கண்டுபிடித்தார். நிபியா நேராகக் கடிதத்தை நீட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, எங்க ஊர்ப் பையனைக் கொண்டுபோறீங்க, சரி. ஒரு வாய் மாத்தேகூட குடிக்காம கையெழுத்து கேட்டா எப்படி? தலைநகரத்துல எல்லாரும் இப்படித்தானா?"

நிபியா உட்கார்ந்தார். மாத்தே இலைத் தேநீர் ஊற்றிய சுரைக்குடுவை கைமாறிக் கைமாறி ஒரு மணி நேரம் போனது. திரும்பும் பஸ் போய்விடுமே என்று ஒரு கண் கடிகாரத்தில் இருந்தாலும் வாய் பேசிக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை வெந்நீர் ஊற்றும்போது அவர் பெருமையாக ஒன்று சொன்னார்.

"பையன் அமைதியா இருப்பான், ஆனா சீண்டினா விட மாட்டான். கடைசி ஆட்டத்துல ஒருத்தனைத் தள்ளிவிட்டு சிவப்பு அட்டை வாங்கினானே! ரெண்டு ஆட்டம் தடை போட்டாங்க. போட்டு என்ன, அதோட போட்டியே முடிஞ்சுபோச்சு!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

நிபியாவும் சிரித்தார். கையெழுத்தை வாங்கிக்கொண்டு, வண்டி கிடைக்காமல் நான்கு கிலோமீட்டர் நடந்து, வெள்ளிக்கிழமை காலையில் கடிதத்தை அன்சொரேனாவின் மேஜையில் வைத்தார்.

"பையனை மூணாவது ஆட்டத்துலதான் எழுதணும்" என்றார்.

"ஏன்?"

"ரெண்டு ஆட்டத் தடை அவனோட சேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கு."

அன்சொரேனா நம்பவில்லை. சங்கத்துக்குப் போன் போட்டார், அவர்கள் பையனின் ஊர்ச் சங்கத்துக்குப் போட்டார்கள். உண்மைதான். முதல் ஆட்டத்துக்கு அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த வரிசையில் யெய்சன் பெயர் இருந்தது. அதை அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து முத்திரையைக் கொண்டுவந்து நிபியாவின் மேஜையில் வைத்தார்.

"என் மேஜையில இடத்தை அடைக்குது" என்றார்.

அப்படித்தான் நிபியா மறுபடியும் ஆட்டத்தாள் எழுத ஆரம்பித்தார். அணி ஒன்றும் சட்டென்று எழுந்து நிற்கவில்லை. முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. "ஆளை மாத்தினீங்க, தோக்கறதை மாத்தலையே" என்று பெல்த்ராமேயின் மருந்துக்கடை வாசலிலேயே கத்தினார்கள். மெதுவாகத்தான் பிடிப்பு வந்தது. அந்தக் கிழட்டுக் கோல்கீப்பர் நான்கு பெனால்டிகளைத் தடுத்தான். யெய்சன் பதினொரு கோல் அடித்தான். இன்னும் இரண்டே ஆட்டம் மிச்சம் இருந்தபோது சராசரியில் நாங்கள் கோட்டுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. சரியாகக் கோட்டிலேயே நின்றோம்.

இருபத்தோராவது ஆட்டம் எங்கள் மைதானத்தில், எல் ஃபாரோ அணியோடு. அவர்களுக்கு அது சும்மா ஓர் ஆட்டம், ஏறவும் போவதில்லை, இறங்கவும் போவதில்லை. ஆட்டத்துக்கு ஐம்பது நிமிடம் முன்னால் நடுவர் அறைக்கு வெளியே நிபியாவும் எல் ஃபாரோவின் பிரதிநிதி எல்பியோ பிந்தோஸும் தாள்களை மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். நடுவரிடம் கொடுப்பதற்கு முன்னால் அப்படிப் பார்த்துக்கொள்வது வழக்கம். பெரும்பாலானவர்கள் பெயருக்குத்தான் பார்ப்பார்கள். எல்பியோவின் தாளில் ஒன்பதாம் எண்ணில் கார்தோசோ என்று இருந்தது.

கார்தோசோவுக்கு நான்கு மஞ்சள் அட்டை. போன வாரம் நடுவர் தவறாக வேறொருவன் பேரில் எழுதிய ஐந்தாவது அட்டையை, வியாழக்கிழமை அறிக்கையில் சங்கம் கார்தோசோவின் பேருக்கு மாற்றியிருந்தது. இரண்டாம் பக்கத்தில், அடியில், ஒரே வரி. ஐந்து மஞ்சள் என்றால் ஓர் ஆட்டம் தடை.

நிபியா பேசாமல் இருந்தால் போதும். ஆட்டத்தில் தோற்றாலும் திங்கட்கிழமை புகார் கொடுத்து மூன்று புள்ளியையும் வாங்கிவிடலாம். நாங்கள் தப்பித்துவிடுவோம். அவர் தொலைத்ததைத் திருப்பிக் கொண்டுவந்தது போலவும் ஆகும்.

"என்ன நிபியா, அப்படிப் பாக்கறே? என் கையெழுத்து அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றார் எல்பியோ.

"எல்பியோ, வியாழக்கிழமை அறிக்கையில ரெண்டாம் பக்கம் பாத்தியா?"

"ரெண்டாம் பக்கமா? அது எப்பவும் ஒரு பக்கம்தானே?"

"பாத்துட்டு வா. நான் நிக்கறேன்."

எல்பியோ போனைத் திறந்து பார்த்தார். முகம் வெளுத்தது. உடனே உடைமாற்றும் அறைக்கு ஓடினார். வேறு தாளோடு திரும்பி வந்தபோது ஒன்பதாம் எண்ணில் ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் பெயர் இருந்தது.

அந்தப் பையன்தான் முப்பத்தோராவது நிமிடத்தில் எங்கள் மேல் கோல் அடித்தான்.

எண்பத்தாறாவது நிமிடத்தில் யெய்சன் தலையால் முட்டிச் சமன் செய்தான், ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. ஆனால் அதற்குள் விஷயம் மைதானம் முழுக்கப் பரவிவிட்டது. நன்றி சொல்கிறேன் என்று எல்பியோவே எங்கள் ஆட்களிடம் சொல்லித் தொலைத்திருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நிர்வாகக் குழு கூடியது. ஐந்து பேர், அவர்களோடு அன்சொரேனா. கதவு திறந்தே இருந்தது, வெளியே அரைப் பேட்டை நின்றது, நானும் நின்றேன்.

"மூணு புள்ளி! கைக்கு வந்த மூணு புள்ளி!" என்றார் பெல்த்ராமே. "போன வருஷம் நாலு, இந்த வருஷம் மூணு. உனக்கு எங்க மேல அப்படி என்ன கோபம் தாயே?"

"போன வருஷம் அந்த இன்னொரு அணியோட பிரதிநிதியும் என் தாளைப் பாத்தான்" என்றார் நிபியா. "மைகோல் பேரைப் பாத்துட்டு சிரிச்சான். என்கிட்ட மாத்தே நீட்டினான். நானும் நல்ல மனுஷன்னு நெனைச்சு வாங்கிக் குடிச்சேன். எதுக்குச் சிரிச்சான்னு ரெண்டு நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. எல்பியோவைப் பாத்து என்னால அப்படிச் சிரிக்க முடியலை. அனுப்பறதுன்னா அனுப்புங்க."

"அனுப்பத்தான் போறோம்" என்றார் ஒருவர்.

வெளியே யாரோ கைதட்டினார்கள். வேறு யாரோ அவரை வாயை மூடச் சொன்னார்கள்.

அன்சொரேனா நாற்காலியிலிருந்து எழுந்தார். அவருக்கும் கோபம்தான், காது சிவந்திருந்தது. "நானா இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். "அதை மறைக்கலை. ஆனா ஒரு கேள்வி. அந்த அறிக்கைக்கு ரெண்டாம் பக்கம் இருக்குன்னு இங்க யாருக்குத் தெரியும்?"

பெல்த்ராமே பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது. இவங்க போயிட்டா சனிக்கிழமைத் தாளை யாரு எழுதறது? என்னை எழுதச் சொல்லாதீங்க. முதல் ஆட்டத்துலயே நான் யெய்சனை எழுதிவெச்ச ஆளு. இந்நேரம் நாம எல்லாரும் கீழ இறங்கியிருப்போம்."

மூன்றுக்கு இரண்டு என்று முடிவானது. கடைசி ஆட்டம் வரை நிபியா இருப்பார். தோற்று இறங்கினால் அவரும் போக வேண்டும்.

வெளியே வந்ததும் அன்சொரேனா சொன்னது எனக்குக் கேட்டது. "அடுத்த தடவை அந்த மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா முதல்ல என்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா அவங்ககிட்ட சொல்ல விடுவீங்களா?"

"விட மாட்டேன்."

"அப்ப சொல்ல மாட்டேன்" என்று நிபியா நடந்துவிட்டார். அன்சொரேனா சிரித்ததை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

சனிக்கிழமை வெளியூர் மைதானத்தில் கடைசி ஆட்டம். ஒன்பது பஸ்ஸில் போனோம். நிபியா தாளை மூன்று முறை படித்தார், எதிரணியின் தாளையும் படித்தார், அதில் தவறு எதுவும் இல்லை. முதல் பாதியில் ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் சால்தோவிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரன், அந்த வருடம் முழுக்க ஒரு கோல்கூட அடிக்காதவன், கார்னரில் வந்த பந்தை முழங்காலால் உள்ளே தள்ளினான். மீதி நேரத்தில் நகம் கடிக்காத ஆள் இல்லை. விசில் அடித்ததும் வேலியைத் தாண்டி எல்லோரும் மைதானத்துக்குள் ஓடினோம்.

நிபியாவைக் காணவில்லை. பெல்த்ராமே சட்டைப் பொத்தான் அறுந்துபோக அவரைத் தேடினார். நடுவர் அறையில்தான் இருந்தார். நடுவர் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், மேஜையில் தாள் விரிந்திருந்தது.

"நிபியா, தப்பிச்சுட்டோம்! இங்க என்ன பண்றே? வெளிய வா!"

"ஆட்டம் இன்னும் முடியலை."

"விசில் அடிச்சாச்சு தாயே!"

"அவரு கோலை எழுதணும், நேரத்தை எழுதணும், கையெழுத்துப் போடணும். அப்புறம் நான் போடணும். அப்பதான் முடியும்."

பெல்த்ராமே வெளியே போகப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நிபியா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி, நானும் இருக்கேன்" என்றார். "நிதானமா படிச்சுப் பாத்து போடு."