பக்கத்து சர்வே நம்பர்

1. குச்சி அடித்த நாள்

எழுபதுகளின் கடைசியில் நான் ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவில் புள்ளிவிவர ஆய்வாளர். நாட்டின் வளர்ச்சியை அளப்பதாகச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன். அளக்க எனக்குக் கொடுத்திருந்தது ஒரு டேப்பு, நாலு குச்சி, ஒரு தராசு. ரேண்டம் நம்பர் அட்டவணையைப் பார்த்து ஒரு வயலைத் தேர்வு செய்வோம். அதில் ஐந்து மீட்டர் சதுரத்துக்குக் குச்சி அடித்து, கதிரறுத்து, நெல்லை எடை போட்டு அனுப்புவோம். அந்த எடைதான் சென்னை, டெல்லி என்று ஏறிப்போய் தேசிய வருமானத்தில் சேரும்.

விவசாயிகள் எப்போதும் விளைச்சல் குறைந்த மூலைக்கே என்னை இழுப்பார்கள். பென்னலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கன்னியப்பன் என்ற விவசாயி மட்டும் இழுக்கவில்லை.

"எந்த மூலைல வேணா அடிங்க சார். எல்லாம் ஒண்ணாத்தான் கீது."

மேட்டில் சைக்கிள் ஹேண்டில்பாருக்கு முலாம் பூசும் கம்பெனி. அதன் கழிவுநீர் கால்வாயில் இறங்கி இவர் வயலில்தான் முடிந்தது. கதிரெல்லாம் பதர். தூற்றினால் மொத்தமும் காற்றோடு போனது. தராசு முள் அசையவே இல்லை. கன்னியப்பனுக்கு அதில் ஒரு திருப்தி. கம்பெனித் தண்ணீரை நிறுத்தச் சொல்லித் தாசில்தாரிடம் மனு கொடுத்திருந்தார். சர்க்கார் ஆளே பூஜ்யம் எழுதினால் வேறென்ன சாட்சி வேண்டும்?

"கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். அப்டியே எழுதிடுங்க சார்."

2. ஆவரேஜ்

எங்கள் உதவி இயக்குநர் படிவத்தைப் பார்த்ததும் சோற்றில் கல்லைக் கடித்தவர் போலானார்.

"ஒரு வயல் கெட்டதுக்கு ஜில்லா ஆவரேஜ் எதுக்குய்யா கெடணும்? பக்கத்து சர்வே நம்பர்ல ஒண்ணு போட்டு அனுப்பு."

பயிர் வைக்காத வயலை மட்டுமே மாற்றலாம் என்பது விதி. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் என் ப்ரொபேஷன் முடிந்திருக்கவில்லை. மறுநாள் பக்கத்து மேட்டு வயலில் குச்சி அடித்தேன். கழிவுநீர் ஏறாத இடம், அருமையான நெல். கன்னியப்பன் வரப்பில் நின்று பார்த்தார்.

இரண்டே மாதத்தில் அவர் மனு தள்ளுபடியானது. புள்ளிவிவரத் துறை அறிக்கைப்படி அந்தக் கிராமத்தில் விளைச்சல் நன்றாக இருப்பதால் புகாரில் உண்மை இல்லையாம். தாலுகா ஆபீஸில் அதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

3. தொழில் வளர்ச்சி

அடுத்த ஆண்டு தொழில் உற்பத்திக் கணக்கெடுக்க அதே கம்பெனிக்குப் போனேன். ஹேண்டில்பார் எண்ணிக்கை ஏறியிருந்தது. ஊர்க் கிணறுகள் கெட்டுப்போனதால் குடிதண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது. லாரி ஓடினால் அதுவும் வளர்ச்சிதான். கெட்ட கிணற்றைக் கழிக்க மட்டும் எந்தப் படிவத்திலும் இடமில்லை.

கேட்டைத் திறந்துவிட்டவர் காக்கிச் சட்டையில் கன்னியப்பன். பயிர் வைக்க வழியில்லாமல் நிலத்தைக் கம்பெனிக்கே விற்றுவிட்டு வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தார்.

"என்னையும் எழுதுவீங்களா சார்?"

எழுதுவேன், தொழிலாளர் எண்ணிக்கையில் ஒன்று கூடும் என்றேன்.

"போன வருசம் என் வயலை எழுதலியே சார்."

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முள் அசையாவிட்டால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். மேலதிகாரி கத்துவார், கத்தட்டும். அதற்கடுத்த அறுவடையிலிருந்து நானும் அப்படித்தான் எழுதினேன், மெமோவும் வாங்கினேன். கன்னியப்பனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் வயலில் கம்பெனி இரண்டாவது ஷெட் கட்டியது. அதையும் நான்தான் வளர்ச்சியில் சேர்த்தேன்.