கோர்ட்டு கலையும் வரை

பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் எங்கள் ஊர். குறுவை அறுத்தால் நெல்லை ரோட்டில்தான் காய வைப்போம். களம் எல்லாருக்கும் பத்தாது. ரோட்டில் பாதியை வண்டிக்கு விட்டுவிடுவோம்.

அன்று மத்தியானம் என் பெண்டாட்டி நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். நான் சாக்கு எடுத்து வந்துகொண்டிருந்தேன். மிராசுதார் மகனின் கார் வந்தது. நேராக வரவில்லை. நெல் மேல் ஏறி, அவள் மேலும் ஏறி, வாய்க்கால் மதகில் முட்டி நின்றது.

அவளை வேனில் ஏற்றித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். முழங்காலோடு காலை எடுத்துவிட்டார்கள்.

ஊரில் நடந்ததைப் பிறகுதான் கேட்டேன். காரைத் திறந்ததும் மிராசுதார் மகன் சரிந்து விழுந்திருக்கிறான். ஒரே பிராந்தி நெடி. என் மச்சினன், அவளுடைய தம்பி, அவனைத் தூக்கிப் பம்புசெட்டுக்குக் கொண்டு போயிருக்கிறான். தலையில் தண்ணீர் ஊற்றி, செம்பு நிறைய மோர் கொடுத்து, வேட்டி மாற்றி உட்கார வைத்திருக்கிறான். பண்ணை வீட்டுப் பிள்ளை ரோட்டில் கிடந்தால் எங்கள் பக்கம் அப்படித்தான். யோசித்துச் செய்வதில்லை. மச்சினன் சாகுபடி செய்ததும் அந்த வீட்டு நிலம். வாய்வார்த்தைக் குத்தகை. பதிவு பண்ணிக்கொள் என்று கட்சிக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அவன் பண்ணவில்லை.

போலீஸ் வந்தபோது மிராசுதார் மகன் தலை துவட்டிக்கொண்டு நாற்காலியில் இருந்தானாம். ரத்தம் எடுக்கவில்லை. ‘அஜாக்கிரதையாக ஓட்டி’ என்று எழுதிக்கொண்டார்கள். குடி என்ற வார்த்தை இல்லை.

மச்சினன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவள் படுத்தபடியே பிடித்துக்கொண்டாள்.

“ஏன்டா, அக்கா ரோட்டுல கெடக்குறேன், நீ அவனுக்கு மோரு ஆத்திக்கிட்டு இருந்தியா? உப்பு சரியா இருந்துச்சாமா?”

“தோணலக்கா. சின்னய்யா விழுந்து கெடந்தாரு...”

“இப்பத் தோணுதுல்ல. கோர்ட்டுல சொல்லு.”

“சொன்னா நெலம் போயிடும்.”

“எனக்குக் கால் போயிடுச்சு.”

அவன் போய்விட்டான்.

கேஸ் இழுத்தது. ஆட்சி மாறியது, மறுபடியும் மாறியது. பிராந்திக் கடை இருந்த இடத்திலேயே இருந்தது. சாட்சிக்குக் கூப்பிட்ட அன்று, மச்சினன் என்ன சொல்வான் என்று எங்களுக்குத் தெரியாது. மிராசுதார் முன் பெஞ்சில் இருந்தார்.

அவர்கள் வக்கீல் முதலில் என்னைக் கேட்டார். “ரோடு என்ன உங்க களமா? நெல்லைக் கொட்டி வண்டிய வழுக்க விட்டது யாரு? அதுதான்யா அஜாக்கிரதை.” எழுதின வார்த்தை எங்கள் பக்கமே திரும்பிவிட்டது.

பிறகு மச்சினன் ஏறினான். தண்ணீர் ஊற்றியதையும் மோர் கொடுத்ததையும் சொன்னான்.

“அடிபட்டவருக்கு உதவி செஞ்சிருக்கே. நல்ல காரியம்” என்றார் வக்கீல்.

மச்சினன் மிராசுதாரைப் பார்த்தான். பிறகு கீழே பார்த்தான்.

“அவருக்கு அடியெல்லாம் படலைங்க. போதைங்க. தெளியட்டும்னுதான் ஊத்துனேன்.”

சிரிப்பு எழுந்தது. மிராசுதார் சிரிக்கவில்லை.

தீர்ப்பில், ரத்தச் சோதனை இல்லாததால் குடி ருசுவாகவில்லை என்றார்கள். அஜாக்கிரதை மட்டும் ருசு. அபராதம். அதோடு கோர்ட்டு கலையும் வரை காவல்.

“அப்படின்னா?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

“சாயங்காலம் வரைக்கும் இங்கயே உக்காந்திருக்கணும்.”

“நானும்தான் காலையிலேருந்து உக்காந்திருக்கேன். எனக்கு என்ன கேஸு?”

இப்போது குடித்து ஓட்டி ஆளைக் கொன்றாலும் முடமாக்கினாலும் தண்டனையைக் கூட்ட வேண்டும் என்று டிவியில் பேசுகிறார்கள். கூட்டட்டும். சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பது தண்டனை இல்லை. ஆனால் ரத்தத்தை அன்றைக்கே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை வருஷம் என்று சட்டத்தில் எழுதினாலும் எங்களைப் போன்றவர்களுக்கு அது வந்து சேராது.

அடுத்த குறுவைக்கு மச்சினன் நிலத்தில் பண்ணை டிராக்டர் இறங்கியது. அவன் கேட்கப் போகவில்லை. கேட்கக் கையில் காகிதமும் இல்லை. கூத்தாநல்லூர் பக்கம் கூலிக்குப் போகிறான். அக்காவிடம் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. அவன் வந்தால், நகர்ந்து நகர்ந்து போய் அவளே சோறு போடுகிறாள். என்னைப் போட விடுவதில்லை.