ஐந்து பேர் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை

சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் சமையற்கூடத்துக்கே வந்து நின்றார். "ராணிம்மா, நம்ம மும்தாஜ் டீச்சர் காலைல நெஞ்சுவலியில போய்ட்டாங்க" என்றார். விளையாடாதீங்க சார் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தப் பள்ளியில் விளையாடுகிற ஆள் நான்தான், அவரல்ல. கையைக்கூடக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம் காத்திவாக்கம் பள்ளியில் அவரிடம் கணக்குப் படித்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் என்ன சொல்ல? ஆனால் அவரை நான் படுத்திய பாடு உங்களுக்கு முழுதாகத் தெரியாது. ஏழாம் வகுப்புக்கும் எங்கள் அடுப்புக்கும் நடுவே ஒரே சுவர். அரிசியில் கல் பொறுக்கும்போது பாடம் காதில் விழும். தினமும் எக்ஸ், எக்ஸ் என்றே கேட்கும்.

ஒருநாள் ஜன்னலில் தலையை நீட்டினேன். "இன்னா டீச்சர், நேத்துதானே அதைக் கண்டுபுட்ச்சீங்க? இன்னிக்கு மறுக்கா தொலச்சிட்டு வந்துகீறீங்க?"

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. "அது தொலையறதாலதான் என் வேலை ஓடுது ராணிக்கா. நீங்களும் வந்து தேடுங்களேன்" என்றார்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். எட்டாவது தேறினால் உதவியாளர் வேலையிலிருந்து சமையலராகலாம் என்று சொல்லியிருந்தார்கள். கணக்குக்குப் பயந்தே தனித்தேர்வு எழுதாமல் இருந்தேன். அன்றிலிருந்து சாப்பாடு பரிமாறி முடித்ததும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

எக்ஸும் ஐந்தும் சேர்ந்தால் பன்னிரண்டு என்று எழுதினார். "ஐந்து அந்தப் பக்கம் போனா மைனஸ் ஐந்து. எக்ஸ் ஏழு."

எனக்கு மண்டையில் இறங்கவில்லை. நாங்கள் ஆற்றில் கையால் இறால் பிடிக்கப் போகும்போது படகின் இரு பக்கமும் சமமாக உட்காருவோம். இந்தப் பக்கம் ஒருத்தி தண்ணீரில் இறங்கினால் அந்தப் பக்கமும் ஒருத்தி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் சாய்ந்துவிடும்.

"இங்கருந்து அஞ்சு பேரு அந்தாண்ட தாவினா படகு கவுந்துடுமே டீச்சர்! இது மட்டும் எப்படி சமமா நிக்குது?"

சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தெரியலயே ராணிக்கா. இத்தனை வருசமா சொல்லித்தரேன், ஏன்னு யோசிச்சதில்ல."

அந்தச் சனிக்கிழமை ஆற்றங்கரைக்கே வந்துவிட்டார். வண்ணாரப்பேட்டைக்காரர், தண்ணீரைக் கண்டாலே பயம். என் கொழுந்தன் படகில் நடுவில் உட்கார வைத்தேன். பக்கத்துக்கு மூன்று பெண்கள். ஒருத்தியை எதிர்ப்பக்கம் தாவச் சொன்னேன். படகு சரிந்தது. "யா அல்லா! போதும்மா, போதும்!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"கணக்கு வாத்தியாரு இப்பிடி கத்தினா இறாலெல்லாம் ஓடிடும்" என்றான் கொழுந்தன்.

தாவியவளைப் பழைய இடத்துக்கு வரச் சொல்லிவிட்டு, பக்கத்துக்கு ஒருத்தியாக இறக்கினோம். படகு அசையாமல் நின்றது. டீச்சர் தலைத்துணி நழுவியதுகூடத் தெரியாமல் கத்தினார். "யாருமே தாண்டல ராணிக்கா! நம்ம கணக்குலயும் ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு பேரு இறங்கிட்டாங்க!"

திங்கட்கிழமை வகுப்பில், "நான் குறுக்கு வழியைத்தான் சொல்லித்தந்தேன். காரணத்தை ராணிக்கா கேட்டாங்க" என்றார். பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பயம் விட்டுத் தனித்தேர்வு எழுதப் போனேன். அதில் எக்ஸில் மூன்று குறைந்தால் எட்டு என்று வந்தது. இல்லாத மூன்று பேரை எப்படி இறக்குவது? பிறகு, குறைந்தவர்களை ஏற்றிவிடு, அந்தப் பக்கமும் மூன்று பேரை ஏற்று என்று தோன்றியது. பதினொன்று. எழுதிவிட்டு வெளியே வந்தேன்.

அவரை அடக்கம் செய்த நான்காம் நாள் முடிவு வந்தது. தேறிவிட்டேன். வேலை எப்போது உயருமோ, மனு கொடுத்திருக்கிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது மதிப்பெண் அல்ல, ஒரு அரிப்பு. கேள்வி ஒன்று வந்தால் விட முடியவில்லை. புத்தகத்தில் அடுத்த பாடத்தில் இரண்டு பக்கமும் எக்ஸ் இருக்கிறது. ஒரே ஆள் எப்படி இரண்டு பக்கமும் உட்காருவான்? நேற்று ஏழாம் வகுப்புக்குப் போய்க் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. "தெரியல ராணிம்மா, வாங்க பாக்கலாம்" என்று நகர்ந்து இடம் விட்டார்கள்.